ஸ்டாண்டு ஜெயராணியின் பிஸ்கட் டப்பா

"நூத்தி எழுபத்தி நாலு. பின்னாலேருந்து சொல்லு."

இதைக் கேட்கும்போது ஜெயராணி எதிரில் நிற்பவனின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறார். வெள்ளை ஷூ தரையில் ஒழுங்காக ஊன்றியிருக்கிறதா, இல்லை இன்னும் பாண்டிச்சேரி கடற்கரை மணலில்தான் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தோதான இடம் தேடுகிறதா என்று பார்க்கிறார். பையன் கண்ணை மூடினான். "நாலு..." என்றான். கண்ணைத் திறந்து தகரக் கூரையைப் பார்த்தான். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை. "நாலு... ஒண்ணு..."

"போயி உக்காரு. தண்ணி குடி. ஒரு மணி நேரம் கழிச்சு வா."

"அக்கா, நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்."

"நீ ஸ்டெடியாத்தான் இருக்க. தரைதான் ஆடுது. அது நிக்கட்டும், அப்பறம் போவலாம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு கடலூர் பேருந்து நிலையத்தின் பின்பக்கம் போனால் இந்தக் காட்சியை யாரும் பார்க்கலாம். முந்நூறு வண்டிகள் நிற்கிற ஸ்டாண்டு அது. முகப்பில் ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பிஸ்கட் டப்பா. எவர் வீட்டுக் கல்யாணத்துக்கோ வாங்கிய பெரிய தகர டப்பா. மூடி நசுங்கிப்போய் எப்படி அழுத்தினாலும் ஒரு பக்கம் எழும்பிக்கொள்ளும். அதற்குள் சாவிகள் கிடக்கும். 'ஹேண்டில் லாக் போடாதீர்', 'ஹெல்மெட்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பெயிண்டில் எழுதிய இரண்டு பலகைகளுக்குக் கீழே, ஜெயராணியே சாக்பீஸால் எழுதிய மூன்றாவது அறிவிப்பு இருக்கிறது: 'பாண்டி போறவங்க சாவிய குடுத்துட்டு போவணும்.' ஏன் என்று கேட்டால், "கடல்ல தொலைப்பீங்க, அப்பறம் என் தலைய உருட்டுவீங்க" என்பார். அது பாதிக் காரணம்தான்.

மீதிப் பாதியைச் சொல்ல வேண்டுமானால் சிதம்பரத்திலிருந்து தொடங்க வேண்டும். அண்ணாமலை நகர் பக்கம் லாட்ஜுகளில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு வாரக் கடைசியானால் பாண்டிச்சேரி நினைப்பு வந்துவிடுகிறது. இந்தப் பக்கம் இருபத்தொரு வயது ஆகாமல் சரக்கு வாங்கக் கூடாது என்று சட்டம். ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டால் பதினெட்டே போதும். இரண்டாம் வருஷம் படிக்கிற பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அவர்கள் அறிவாளிகள். குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் சிதம்பரத்திலிருந்து கடலூர்வரை வண்டியில் வந்து, ஜெயராணியிடம் நிறுத்திவிட்டு, பாண்டிக்கு பஸ்ஸில் போகிறார்கள். பஸ்ஸிலேயே பத்திரமாகத் திரும்பி வருகிறார்கள். வந்து, நிறுத்திய வண்டியை எடுத்து நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு சிதம்பரம் போகப் பார்க்கிறார்கள். பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவில் இருந்த புத்தி கடலூரில் இறங்கியதும் பஸ்ஸோடு போய்விடுகிறது.

"நாங்க சேஃப்டியாத்தான்க்கா பண்றோம், பஸ்ஸுலதான் போனோம்" என்று ஒருவன் பெருமையாகச் சொன்னபோது ஜெயராணி, "ஆத்த தோணியில தாண்டிட்டு, கரையில வந்து முங்குறேங்கிறியே, நீ எந்த காலேஜு?" என்று கேட்டார்.

ஜெயராணிக்கு நாற்பத்தாறு வயது. இந்த நாற்காலியில் உட்கார்ந்து பதினோரு வருஷம். குள்ளம், ஆனால் இடுக்கில் மாட்டிய புல்லட்டை இடுப்பால் ஒரு இடி இடித்து நேராக்கிவிடுவார். எந்த வண்டி எந்த வரிசை என்று தலையிலேயே வைத்திருப்பார். ஆட்களின் பெயர் தெரியாது, நம்பர் தெரியும். கல்லறைத் திருநாளுக்குப் போன இடத்தில் ஒருவர் வணக்கம் சொன்னபோது, "வாங்க, எண்பத்தி ரெண்டு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவர்.

பாண்டியிலிருந்து திரும்புகிறவர்களுக்கு அவர் வைக்கிற பரீட்சை இரண்டு தாள் கொண்டது. முதல் தாள், டோக்கன் நம்பரைப் பின்னாலிருந்து சொல்வது. அதில் தேறினால் இரண்டாவது: நெருக்கி நிற்கிற வரிசையிலிருந்து தன் வண்டியைப் பக்கத்து வண்டியின் கண்ணாடியில் இடிக்காமல் வெளியே எடுப்பது. குடிக்காதவனுக்கே அது லேசில்லை. இரண்டிலும் தேறினால் டப்பாவிலிருந்து சாவி கிடைக்கும். தேறாவிட்டால் பெஞ்சு. பழைய டவுன் பஸ்ஸிலிருந்து கழற்றிய நீள சீட்டு அது. பிள்ளைகள் அதற்கு ஐ.சி.யு. என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பரீட்சை என்று வந்துவிட்டால் பிட்டும் வரத்தானே செய்யும்? ஒருவன் காலையில், தெளிவாக இருக்கும்போதே, நம்பரைத் திருப்பி உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனான். சாயங்காலம் வந்து பார்த்துப் படித்தான். படித்தது பக்கத்தில் நின்ற நண்பனின் கை. இன்னொரு கூட்டம், பாண்டியிலிருந்து வரும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, "நாலு ஏழு ஒண்ணு, நாலு ஏழு ஒண்ணு" என்று பஜனை மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தது. அன்று ஜெயராணி, "நம்பரெல்லாம் கூட்டிச் சொல்லு" என்று கேள்வியை மாற்றினார். ஏழு பேரில் ஆறு பேர் ஐ.சி.யு.வில் சேர்ந்தார்கள். ஏழாமவன் சரியாகச் சொன்னான். அவன் அன்று குடிக்கவேயில்லை, கூட்டிக்கொண்டு வருவதற்கென்றே போனவன். "உனக்கு என்னா படிப்பு?" என்று கேட்டார். "பி.காம்க்கா." "நல்லா வருவ. இவனுங்கள பஸ்ஸுல ஏத்தி நீயே கூட்டிட்டுப் போ. போற வழியில எதாச்சும் தின்னக் குடு."

'குடிக்காதே' என்று அவர் எவனிடமும் சொன்னதில்லை. "அத சொல்றதுக்கு அவன் அம்மா இருக்கு, சர்ச்சுல ஃபாதர் இருக்காரு, கோயில்ல சாமி இருக்கு. நான் ஸ்டாண்டு. ஓட்டாதேங்கிறேன், அவ்வளவுதான்." ஆனால் காலையில் சாவியை வாங்கிப் போடும்போது, "சாப்ட்டியா?" என்று கேட்பார். இல்லை என்றால் எதிர்க் கடையைக் காட்டுவார். "வெறும் வயித்துல ஊத்துனா சாயங்காலம் எனக்குத்தான் வேல ஜாஸ்தி." நடுநடுவே தண்ணீர் குடி, போட்டி போட்டுக் குடிக்காதே, எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனை பேர் திரும்பி வாருங்கள் என்பார். ஒருவனைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டு வந்த மூன்று பேரை, அவனைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் சாவி என்று அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஐ.சி.யு.வுக்கு வைத்தியம் உண்டா என்றால், தண்ணீர் கேன் ஒன்று உண்டு. கட்டங்காப்பி, மோர், எலுமிச்சை, தலையில் ஒரு பக்கெட் தண்ணீர் என்று பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். எதற்கும் அவர் மசிய மாட்டார். அவர் மகள் வினோதினி நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். அவள் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அம்மா, காப்பி குடுத்தா முழிச்சிட்டிருக்கிற குடிகாரன்தான் கெடைப்பான். ஈரல் கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரி. அது வேகத்துலதான் வேல செய்யும். நீ போயி நின்னு கத்துனாலும் ஃபைல் நவுராது." அன்றிலிருந்து ஜெயராணிக்கு நேரம் ஒன்றுதான் மருந்து. சுருண்டு படுக்கிறவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மல்லாந்துவிடாமல் முதுகுக்குப் பின்னால் அவன் பையையே முட்டுக் கொடுப்பார். கூட வந்தவன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். போன வருஷம் ஒரு பையன் எவ்வளவு உலுக்கியும் கண்ணைத் திறக்கவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது, மூச்சு விட்டு விட்டு வந்தது. "தூங்கட்டும்க்கா, தெளிஞ்சிடும், வீட்டுக்குத் தெரிஞ்சிடும்" என்று கூட்டாளிகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஜெயராணி 108-ஐக் கூப்பிட்டார். "வீட்டுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க. திட்டு வாங்குறதுக்கு ஆள் வேணும்ல?" என்றார். இப்போது அந்தப் பையன் தீபாவளிக்குத் தீபாவளி அதிரசம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான்.

அவருடைய டோக்கன் கட்டில் 211-க்கு அடுத்து 213 வரும். ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பரீட்சையெல்லாம் கிடையாது. ஒரு சனிக்கிழமை, பாண்டியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்த ஒரு பையனிடம் 212-ஆம் நம்பர் வண்டியை வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். திங்கட்கிழமை போலீஸ்காரர் ஒருவர், வண்டியில் கட்டிவிடுகிற பாதி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்த ஸ்டாண்டு டோக்கன் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். புதுச்சத்திரம் தாண்டி ஒரு வளைவில் கிடந்த வண்டியின் ஹேண்டில்பாரில் அது கட்டியபடியே இருந்ததாம். அந்தப் பையனின் சிரிப்பை ஜெயராணியால் இன்றுவரை மறக்க முடியவில்லை. தான் எடுத்துக் கொடுத்த வண்டி என்ற நினைப்பு அவரை விடவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டப்பா வந்தது.

இவ்வளவு கண்டிப்பான ஆளை ஏமாற்ற பிள்ளைகள் படுகிற பாட்டைச் சொன்னால்தான் கதை முழுசாகும். ஊரில் எந்த அம்மா அப்பாவானாலும் முதலில் வாயைத்தான் மோந்து பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இவர்களும் வாயைத்தான் பாதுகாக்கிறார்கள். ஒருவன் ஏலக்காயை ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவான். ஒருவன் பற்பசையைப் பிதுக்கி நேராக விழுங்கிவிட்டு வருவான். பச்சை வெங்காயம் தின்றுவிட்டு வந்தவனை அவன் நண்பர்களே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார விடவில்லை. எல்லாவற்றிலும் மேலானது கொய்யா இலை என்பது சீனியர்கள் ஜூனியர்களுக்கு விட்டுச் சென்ற ஞானம். அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜின் கொய்யா மரம் கீழ்க்கிளைகளில் இலையே இல்லாமல் மொட்டையாக நிற்கிறதாம். ஆடு மேய்கிறது என்று வீட்டுக்காரர் வேலி கட்டியிருக்கிறார்.

இத்தனை பாடும் வீண். ஏனென்றால் ஜெயராணிக்கு வாசனையே தெரியாது.

கொரோனா இரண்டாவது அலையில் போனது, திரும்பி வரவேயில்லை. கருவாட்டுக் குழம்பும் பாயசமும் அவருக்கு ஒன்றுதான். அடுப்பில் பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்ல வேண்டும். இது வினோதினி ஒருத்திக்குத்தான் தெரியும். வாசலில் பூ விற்கிற பவானி முல்லைச் சரத்தை நீட்டி, "எப்படி வாசன?" என்று கேட்டால், "தூக்குது" என்று சொல்லிவிட்டுத் தலையில் வைத்துக்கொள்வார். மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. முந்நூறு வண்டி நிற்கிற இடத்தில் எங்காவது பெட்ரோல் கசிந்தால் முதலில் தெரிய வேண்டியது ஸ்டாண்டுக்காரரின் மூக்குக்கு. மூக்கில்லாத ஆளை எந்த முதலாளி உட்கார வைப்பார்? அதனால் பழைய வண்டி ஒவ்வொன்றின் அடியிலும் அட்டை விரித்துவைத்து, மணிக்கொருதரம் குனிந்து சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். இடுப்பு வலிக்கும். ஆனால் நான்கு வருஷத்தில் ஒரு கசிவைக்கூட அவர் விட்டதில்லை.

வினை ராமாமிர்தம் என்பவர் வடிவத்தில் வந்தது. அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டெண்டு. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ், வெற்றிலைகூடப் போட மாட்டார். அவர் ஒரு நாள் பாண்டிச்சேரியிலிருந்து வந்து இறங்கினார். டோக்கனைக் கண்ணுக்கு நேராகவும் கையை நீட்டித் தூரத்திலும் வைத்துப் பார்த்தார். நம்பரை நேராகவே படிக்க முடியவில்லை. பிறகு நடந்துபோய் வேறு யாருடைய வண்டியையோ பிடித்து இழுத்தார். ஜெயராணி சாவி தரவில்லை. "சார், கொஞ்ச நேரம் பெஞ்சுல உக்காருங்க. பசங்க நவுந்து எடம் குடுப்பாங்க" என்றார். ராமாமிர்தத்துக்கு மேலும் கீழும் மூச்சு வாங்கியது. "ஏம்மா, என்னைப் பாத்தா குடிகாரன் மாதிரியா தெரியுது? கண் ஆஸ்பத்திரியில சொட்டு மருந்து ஊத்தி அனுப்பியிருக்காங்க!" என்றார். "கண்ணே தெரியலன்னா வண்டி எதுக்கு சார்?" என்று ஜெயராணி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் பெஞ்சிலிருந்த நாலு பையன்கள் கைதட்டிவிட்டார்கள். அதை ராமாமிர்தத்தால் பொறுக்க முடியவில்லை. அன்றே முதலாளிக்கு போன் போட்டார்.

முதலாளி செம்பியன் ஸ்டாண்டை ஏலம் எடுத்து நடத்துகிறவர். புவனகிரிக்காரர், சுலபத்தில் கோபப்படாத மனிதர். மறுநாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஜெயராணியை நிற்க வைத்துப் பேசினார்.

"பின்னாலேருந்து சொல்லு, முன்னாலேருந்து சொல்லுங்கிறதெல்லாம் இனிமே வேணாம் ஜெயராணி. வாய மோந்து பாரு. வாட அடிச்சா நிறுத்து, நான் கேக்க மாட்டேன். வாட இல்லன்னா சாவிய குடுத்துடு."

"அண்ணே, வாட இல்லாமயே..."

"வாட இல்லன்னா குடு. இன்னொரு கம்ப்ளைண்ட் வந்துச்சுன்னா நான் வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும். சொல்லிட்டேன்."

வேறு எந்த விதி போட்டிருந்தாலும் ஜெயராணி சமாளித்திருப்பார். உள்ளதிலேயே தன்னிடம் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டாரே என்று அன்று இரவு சாப்பிடவில்லை. வினோதினியின் கடைசி வருஷப் படிப்பு இன்னும் முடியவில்லை. கிராம்பு, எலுமிச்சைத் தோல், சூடம், காப்பித் தூள் நான்கையும் நாலு கிண்ணத்தில் போட்டு, தினமும் காலையில் மோந்து பழகு என்று மகள் எப்போதோ சொன்னதை எடுத்து ஆரம்பித்தார். பத்து நாள் மோந்தார். நாலும் காற்றுதான்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் ஸ்டாண்டில் நாடகம் நடந்தது. "ஊது" என்பார். பையன் ஊதுவான். ஜெயராணி கண்ணை மூடி, மூக்கை விடைத்து, நகைக்கடையில் உரசிப் பார்க்கிறவர் மாதிரி நிதானமாக யோசிப்பார். யோசிக்கிற சாக்கில் காலைப் பார்த்துக்கொள்வார். ஷூ நாடா அவிழ்ந்திருப்பதை அவன் கவனித்தானா, ஹெல்மெட்டை முன்பின் மாற்றிப் போட்டிருக்கிறானா என்று பார்ப்பார். "அடிக்குது, போயி உக்காரு" என்று முடிப்பார். ஒருவன்கூட மறுத்துப் பேசவில்லை. "அக்காவுக்கு மோப்பம் செம, மச்சான். ஏலக்காய் போட்டும் புடிச்சிடுச்சு" என்று லாட்ஜ்களில் பேச்சு பரவியது. கொய்யா மரத்தின் மேல்கிளைகளுக்கும் ஆபத்து வந்தது.

மூன்றாவது ஞாயிறு. செம்பியன் காலையிலேயே வந்து தன் புல்லட்டை முதல் வரிசையில் நிறுத்தினார். பாண்டிப் பக்கம் பாகூரில் அக்கா பேத்திக்குக் காதுகுத்து; இங்கிருந்து சொந்தக்காரர்களோடு வேனில் போனார். முதலாளி என்பதால் சாவியை டப்பாவில் போடவில்லை, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெயராணியின் எதிரில் செந்தமிழ்செல்வன் நின்றான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். நல்ல உயரம், முகத்தில் பால் வடிந்தது, வாயை இறுக்க மூடியிருந்தான். அவன் ஊதுவதற்கும், வேன் வந்து நின்று செம்பியன் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. புது வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை, வாயில் பீடா. நல்ல குஷியில் இருந்தார்.

"என்னா ஜெயராணி, நான் சொன்ன மாதிரி மோந்து பாக்குறியா? நவுரு, நான் பாக்குறேன்" என்று முன்னால் வந்து நின்றார். "ஊதுறா தம்பி."

செந்தமிழ்செல்வன் ஊதினான். செம்பியன் நன்றாக இழுத்து மோந்தார். "ஒரு வாடையும் இல்ல. பச்ச இலை வாசனதான் அடிக்குது. கொய்யா இலை. சாவிய குடு."

பையன் தூண் என்று நினைத்து எதிலோ சாய்ந்திருந்தான். அது தூணில்லை, பவானியின் பூக்கூடை வைத்திருக்கும் ஸ்டாண்டு. அவனுடைய முன்பல்லில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. சாவியைக் கொடுத்தால் புதுச்சத்திரம் வளைவு இருக்கிறது. கொடுக்காவிட்டால் முதலாளி எதிரிலேயே நிற்கிறார்.

"அண்ணே, கொய்யா இலைன்னு நல்லா தெரியுதா உங்களுக்கு?"

"நல்லா தெரியுது."

"கொய்யாப் பழத்த வுட்டுட்டு இலைய எவன்ணே திம்பான்? இவன் என்னா ஆடா?"

செம்பியன் யோசித்தார். செந்தமிழ்செல்வனும் யோசித்தான். அவனுக்கே அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். "சாரிக்கா" என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே பெஞ்சில் போய் உட்கார்ந்தான். ஏற்கெனவே அங்கிருந்த மூன்று பேர் அவனுக்குத் தண்ணீர் கேனை நகர்த்தினார்கள்.

செம்பியன் விழுந்து விழுந்து சிரித்தார். "அடி சக்க! ஆடான்னு கேட்டா பாரு!" என்று பவானியிடம் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும், "ஆடான்னு கேட்டா பாரு!" என்று அதே பவானியிடம் சொன்னார். தாம்பூலப் பையைத் தன் புல்லட்டின் ஹேண்டில்பாரில் மாட்டினார். அது புல்லட் இல்லை, பக்கத்தில் நின்ற யாருடைய ஸ்கூட்டியோ. ஜெயராணி அவருடைய காலைப் பார்த்தார். வேட்டி நுனி செருப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணே, புவனகிரிக்கு வண்டியிலியா போறீங்க?"

"பின்ன, நடந்தா போவாங்க?"

"பஸ்ஸுல போங்கண்ணே. வண்டி இங்கியே இருக்கட்டும்."

செம்பியனின் சிரிப்பு நின்றது. பெஞ்சில் நாலு ஜோடிக் கண்கள் இந்தப் பக்கம் திரும்பின. "என்னையா சொல்ற? ரெண்டே ரெண்டு பீரு. மச்சான் வற்புறுத்துனான்." பிறகு குரலை உயர்த்தி, பையன்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ரூல் போட்டவன் நானு. எனக்கும் அதே ரூலுதான். இந்தா, மோந்து பாரு. வாட அடிக்குதுன்னு சொன்னா பஸ்ஸுல போயிடுறேன். அடிக்கலன்னா வழிய வுடு."

குனிந்து, ஜெயராணியின் முகத்துக்கு நேராக ஊதினார்.

ஜெயராணி மோந்தார். நாலு வருஷமாக வருகிற அதே வெறும் காற்றுதான் வந்தது. வாடை அடிக்கவில்லை என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது, முதலாளியே போட்ட விதி. வேலையும் நிலைக்கும். செம்பியனும் சிரித்துக்கொண்டே, வரேன்மா என்று சொல்லிவிட்டுப் போவார். 212-ஐ வாங்கிக்கொண்டு போனவனும் அப்படித்தான் சிரித்தான்.

"அடிக்குதா, இல்லியா?"

"தெரியலண்ணே."

"தெரியலன்னா?"

"எனக்கு வாசனையே தெரியாதுண்ணே. கொரோனாவுல போச்சு. நாலு வருஷமா மூக்கு சும்மா மொகத்துல இருக்குது, அவ்வளவுதான்."

பெஞ்சில் யாரோ, "அடப்பாவி, அப்போ அந்தப் பற்பசை?" என்று முனகினான். பவானி கையிலிருந்த முல்லைச் சரத்தைக் கட்டுவதை நிறுத்தினாள்.

செம்பியன் நிமிர்ந்தார். "நாலு வருஷமா? பெட்ரோல் வாடகூடத் தெரியாமலா என் ஸ்டாண்டுல உக்காந்துட்டிருக்க?"

"அடியில அட்ட போட்டிருக்கேன், சொட்டு வுழுந்தா கண்ணால பாத்துக்குவேன். ஒண்ணும் ஆவல."

"இதுக்கு உன் வேலையே போயிடும், தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே செம்பியன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். புல்லட்டைத் திரும்பிப் பார்த்து, குனிந்து, சாவியைப் போடப் பார்த்தார். துளைக்கு இந்தப் பக்கம் ஒரு தரம் குத்தினார், அந்தப் பக்கம் ஒரு தரம் குத்தினார். மூன்றாவது தரம் சாவி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

ஜெயராணி குனிந்து அதை எடுத்தார்.

"சாவிய குடு ஜெயராணி."

"வேலைய வுட்டுத் தூக்குறதுன்னா தூக்குங்கண்ணே. ஆனா இப்ப வேணாம், நாளைக்குக் காலையில வந்து சொல்லுங்க. எப்படியும் சாவி வாங்க வருவீங்கல்ல."

செம்பியன் பையன்களைப் பார்த்தார். பையன்கள் செம்பியனைப் பார்த்தார்கள். சிரிப்பதா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. செந்தமிழ்செல்வன் மட்டும் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டான். "வாங்கண்ணே, தண்ணி இருக்குது" என்றான்.

ஜெயராணி சாவியை டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினார். அது வழக்கம்போல ஒரு பக்கம் எழும்பியது. டப்பாவை மேசையிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அடுத்து நின்றவனின் டோக்கனுக்குக் கையை நீட்டினார்.